வகுப்புக்காக எழுதிய இரண்டு புத்தகங்கள்: ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியரின் கதை



என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று கணினித் துறையில் இருக்கிறீர்கள். "சார், கம்ப்யூட்டர் பற்றி நீங்கள் எழுதப் போகிறீர்களா?" என்று சிரிக்க வேண்டாம். நான் எழுதப்போவது ஓர் ஆசிரியரைப் பற்றி. அவர் பாடம் எடுத்தது கணினி என்பதால் அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. துறையில் இருப்பவர்களுக்கு என் விளக்கம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். இந்தப் பதிவை உங்கள் அம்மாவும் அத்தையும்கூடப் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு சற்று நீளம். ஒரு காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

அவர் பெயர் ஜான் லயன்ஸ். லயன்ஸ் கிளப்புக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அது அவருடைய குடும்பப் பெயர். 1937-இல் பிறந்த ஆஸ்திரேலியர். சிட்னி பல்கலைக்கழகத்தில் பட்டம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் வேலை. 1972-இல் குடும்பத்தோடு சிட்னிக்குத் திரும்பி, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் நடத்தச் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அதே பல்கலைக்கழகம்தான்.

இனி அவர் நடத்திய பாடத்தைப் பற்றி. ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளை, மணி எப்போது அடிப்பது, வருகைப் பதிவேடு எந்த அலமாரியில் இருப்பது என்பதையெல்லாம் தலைமையாசிரியர் ஒழுங்கு செய்கிறார். அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பள்ளி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கணினிக்குள் இந்தத் தலைமையாசிரியர் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர், ஆப்பரேட்டிங் சிஸ்டம். நம் செல்பேசியிலும் ஒன்று இருக்கிறது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்த ஆய்வகம் ஏ.டி. அண்ட் டி. என்ற மாபெரும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட ஒரு வழக்குத் தீர்வின்படி, அந்த நிறுவனம் தொலைபேசி தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது. அதனால் யூனிக்ஸைக் கடையில் வைத்து விற்க முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டால் சொற்பக் கட்டணத்தில் உரிமம் கொடுத்தார்கள். அதோடு மூல நிரலையும், அதாவது அந்த மென்பொருளை எழுதிய வரிகளையே, கொடுத்தார்கள். பலகாரம் மட்டும் கொடுக்காமல் செய்முறையையும் எழுதிக் கொடுத்த மாதிரி.

1974 ஜூலையில் ரிட்சியும் தாம்சனும் யூனிக்ஸ் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதைச் சிட்னியில் லயன்ஸும் அவருடைய சக ஆசிரியர் கென் ராபின்சனும் படித்தார்கள். பெல் ஆய்வகத்துக்குக் கடிதம் போனது. கடல் கடந்து காந்த நாடாவில் யூனிக்ஸ் சிட்னி வந்து சேர்ந்தது. அங்கே பி.டி.பி.-11/40 என்ற கணினி இருந்தது. அதன் நினைவகத்தை எவ்வளவு கூட்டினாலும் 256 கிலோபைட்டைத் தாண்டாது. உறவுக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படங்களில் ஒன்றிரண்டே அந்த இடத்தை அடைத்துவிடும்.

மற்ற இடங்களில் யூனிக்ஸை வைத்து வேலை பார்த்தார்கள். லயன்ஸுக்கு வேறொன்று தோன்றியது: இதையே பாடமாக நடத்தினால் என்ன?

அந்தக் காலத்தில் இயங்குதளப் பாடம் என்றால் கொள்கைகளை விளக்குவார்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பொம்மை மாதிரியை மாணவர்களைக் கொண்டு எழுதவைப்பார்கள். உண்மையாகவே வேலை செய்யும் ஒன்றை வரிவரியாகப் படிப்பது வழக்கத்தில் இல்லை. பெரிய நிறுவனங்களின் இயங்குதளங்கள் லட்சக்கணக்கான வரிகள் கொண்டவை. யூனிக்ஸின் ஆறாம் பதிப்போ, அதன் கருப்பகுதியை எடுத்துக்கொண்டால், சுமார் 9,000 வரிகள்தான். ஒரு மாணவன் ஒரு பருவத்தில் படித்து முடிக்கலாம். ஒருவர் தனியாகப் படித்து முழுவதையும் புரிந்துகொள்ளக் கூடிய அளவில் இருந்தது என்பதுதான் லயன்ஸைக் கவர்ந்தது.

எழுதக் கற்க வேண்டுமானால் முதலில் நல்ல எழுத்தைப் படிக்க வேண்டும் என்று தமிழ் வகுப்பில் உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே நம்பிக்கை அவருக்கும் இருந்தது. நிரல் எழுதப் பழகுபவன் நல்ல நிரலைப் படித்தாக வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1976-இல் தம் மாணவர்களுக்காக இரண்டு புத்தகங்களைத் தயாரித்தார். ஒன்று மூல நிரல். மற்றொன்று அதற்கு அவர் எழுதிய உரை. அடுத்த ஆண்டு திருத்திய பதிப்பு வந்தது. ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, மற்றதற்கு ஆரஞ்சு அட்டை. பளபளப்பான அச்சு எதுவும் கிடையாது. வகுப்பில் கொடுக்கும் குறிப்பேடு போலத்தான்.

அதை அவர் அமைத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை வலித்தவன் நான். எனக்கு அந்த அமைப்பில்தான் மனிதர் தெரிந்தார்.

யூனிக்ஸின் நிரல் பல கோப்புகளாகச் சிதறிக் கிடந்தது. படிப்பவன் எதை முதலில் எடுப்பது என்று திணறுவான். லயன்ஸ் அவற்றைப் படிக்க ஏற்ற வரிசையில் அடுக்கினார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார். ஒரு தாளில் இரண்டு பத்தி, பத்திக்கு 50 வரி, ஆகத் தாளுக்கு 100 வரி. வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் தாளின் எண். 2238-ஆம் வரி என்றால் 22-ஆம் தாளைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சொல் எந்தெந்த வரியில் வருகிறது என்று அகராதி போல அட்டவணையும் சேர்த்தார். உரை தனிப் புத்தகம் என்பதால், நிரலை இடப்பக்கமும் உரையை வலப்பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்க்கலாம். படிக்கிறவன் கை எங்கே போகும், கண் எங்கே போகும் என்று யோசித்துச் செய்த வேலை இது.

உரையின் தொடக்கத்தில் கணினியின் அடிப்படை, அதன் பிறகு சி மொழியில் எழுதிய நிரலை எப்படி வாசிப்பது என்று ஒரு பாடம், அடுத்து மொத்த அமைப்பின் சுருக்கம். அதற்குப் பிறகும் நேரே கடினமான இடத்துக்குப் போய்விடவில்லை. தனியாகப் படித்தாலே புரியக்கூடிய இரண்டு சிறிய கோப்புகளை எடுத்து விளக்குகிறார். மாணவனுக்கு, "அட, எனக்கும் படிக்க வருகிறதே!" என்ற தைரியம் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் கணினியை இயக்கிய கணத்தில் என்ன நடக்கிறது என்ற கதை தொடங்குகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளிமையிலிருந்து கடினத்திற்கு என்று பயிற்சிப் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த விதிகள் அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கின்றன.

நம் ஊரில் கோனார் உரையைப் பார்த்து வளராதவர்கள் குறைவு. பாடநூலைத் திறக்காமலே தேர்வு எழுதிவிடலாம் என்று அதை வாங்கிய வீரர்களும் உங்களில் இருந்தீர்கள்! லயன்ஸின் உரையை அப்படிப் பயன்படுத்த முடியாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. பரிமேலழகர் குறளுக்குள் நம்மை அழைத்துப் போவது போல, இவர் நிரலுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போகிறார். எழுதியவர்கள் பெரிய ஆட்கள் என்பதற்காக எல்லாவற்றையும் புகழவும் இல்லை. இந்த இடம் சரியில்லை, இதை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. கடைசியில் பயிற்சிக் கேள்விகளும் உண்டு.

அந்த 2238-ஆம் வரிக்கு ஒரு கதை இருக்கிறது. கணினி ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி மற்றொரு வேலைக்குத் தாவும் சிக்கலான இடம் அது. அங்கே நிரலை எழுதியவர்கள், படிப்பவருக்கு இது புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். கணினி உலகில் மிகவும் பேசப்பட்ட குறிப்புகளில் அது ஒன்று. பலரும் அதை ஆணவம் என்று எடுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ரிட்சி விளக்கம் சொன்னார்: தேர்வில் இந்தப் பகுதி வராது என்று ஆசிரியர் சொல்வாரே, அந்த அர்த்தத்தில்தான் எழுதினோம் என்றார். அதோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வேறு வகைக் கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனபோது அந்த வழி வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டியதாயிற்று. எழுதியவரே புரியாது என்று விட்டுவிட்ட அந்தப் பகுதியையும் லயன்ஸ் ஒதுக்கவில்லை. அதற்கும் உரை எழுதினார்.

சிட்னி மாணவர்களுக்கு எழுதியது விரைவில் வெளியே தெரிந்துவிட்டது. யூனிக்ஸ் உரிமம் வைத்திருந்த மற்றப் பல்கலைக்கழகங்கள் கேட்டு வாங்கின. பெல் ஆய்வகத்துக்காரர்களே அதைப் படித்தார்கள். லயன்ஸ் அங்கே போய்த் தங்கிப் பணியாற்றினார், ஒரு முறைக்கு மேல் போய்வந்தார். அவருடைய மாணவர்களில் சிலருக்குப் பின்னாளில் பெல் ஆய்வகத்திலேயே வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் யூனிக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றுகூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு குழு அமைந்ததற்கும் அவர் முக்கியக் காரணம்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தது. இதில் நல்ல வியாபாரம் இருக்கிறது என்று நிறுவனம் உணர்ந்துவிட்ட நேரம். புதிய உரிமத்தில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். 1984-இல் ஏ.டி. அண்ட் டி. பல நிறுவனங்களாகப் பிரிந்தது. கணினி வியாபாரத்துக்கு இருந்த பழைய தடையும் விலகியது. அதன் பிறகு பூட்டு இன்னும் இறுகியது. லயன்ஸின் புத்தகங்களில் மூல நிரல் முழுவதும் இருந்ததால் அவற்றைப் பொதுவில் வெளியிட வழியில்லை.

நிறுவனத்தின் மேல் முழுப் பழியையும் போட நான் தயாரில்லை. பொருள் அவர்களுடையது, பணமும் அவர்கள் போட்டது. ஆனால் ஒரு பாடவேளையில் கரும்பலகையில் எழுதி விளக்கக் கூடாது என்று ஓர் ஆசிரியருக்குத் தடை போடுவதை நினைத்துப் பாருங்கள். உலகெங்கும் பல கல்லூரிகள் பழையபடி கொள்கையை மட்டும் நடத்தத் திரும்பின.

மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஒரு ஜெராக்ஸ். எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, ஐந்தாம் தலைமுறைப் பிரதியை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படித்தவர்கள் இருந்தார்கள். கணினி உலகில் அதிகம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்ட புத்தகம் என்ற பெயர் அதற்கு வந்தது. சட்டப்படி அது தவறு என்பது எடுத்தவர்களுக்கும் தெரியும். இருந்தும் இருபது ஆண்டுகள் அது கைமாறிக்கொண்டே இருந்தது. அதே விஷயத்தை அப்படிப் புரியவைக்கும் வேறு புத்தகம் கிடைக்கவில்லை.

அந்தத் தடையை வேறு விதமாகச் சந்தித்த ஆசிரியர் ஒருவரும் உண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் பாடம் நடத்திய ஆண்ட்ரூ டானன்பாம், உங்கள் நிரலைக் காட்டக் கூடாது என்றால் நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்று இறங்கினார். மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-இல் அதைப் பற்றிய பாடநூலை நிரலோடு சேர்த்து வெளியிட்டார். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் அந்தப் பாடநூலை வாங்கிப் படித்தார், மினிக்ஸைத் தம் கணினியில் போட்டுப் பார்த்தார். 1991-இல், 21 வயதில், தாமே ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி ஊருக்கே திறந்துவிட்டார். அதுதான் லினக்ஸ். உங்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியின் அடியில் ஓடுவது அதுவே. லயன்ஸின் நூலிலிருந்து லினக்ஸ் பிறந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் நிரலைத் திறந்து காட்டிப் பாடம் நடத்தலாம் என்பதை லயன்ஸ் செய்து காட்டியிருந்தார். அந்த வழியை அடைத்தபோதுதான் டானன்பாம் புதுப்பாதை போட்டார்.

யூனிக்ஸின் உரிமை பிறகு கைமாறிக் கைமாறி, சான்டா குரூஸ் ஆப்பரேஷன் என்ற நிறுவனத்திடம் வந்தது. நண்பர்கள் விடாமல் முயன்றார்கள். அந்த நிறுவனம் அனுமதி தர, 1996-இல் லயன்ஸின் உரை முதன்முறையாகக் கடையில் வாங்கக்கூடிய புத்தகமாக வந்தது. எழுதி 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் கணினியின் முகமே மாறிவிட்டது. இருந்தாலும், உண்மையான இயங்குதளம் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்குவதில் இன்றும் இதுவே சிறந்தது என்ற கருத்தை யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனே சொன்னார். உரை எழுதியவனுக்கு மூல ஆசிரியரே கொடுக்கும் சான்றிதழைவிட வேறென்ன வேண்டும்?

வருத்தம் என்னவென்றால், அப்போது லயன்ஸ் நோயுற்றிருந்தார். உடல்நலம் கெட்டு 1995-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். 1998 டிசம்பரில், 61 வயதில் காலமானார். வெளியான புத்தகத்தைப் பார்க்கும் காலம் வரை இருந்தார் என்பதே ஆறுதல்.

அவர் பெயரில் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்த வேண்டும் என்று பழைய மாணவர்களும் நண்பர்களும் நிதி திரட்டினார்கள். அமெரிக்காவில் யூனிக்ஸ் என்ற எழுத்துகளையே தம் கார் நம்பர் பிளேட்டாக வாங்கி வைத்திருந்த ஒருவர், அந்தப் பிளேட்டை ஏலத்துக்குக் கொடுத்தார். அந்தப் பணமும் இந்த நிதிக்கு வந்தது. இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் பெயரில் இயங்குதளத் துறைக்கான பதவி இருக்கிறது. அந்தப் பதவியை வகித்த கெர்னாட் ஹைசரின் குழு, 2009-இல், சுமார் 8,700 வரிகள் கொண்ட இயங்குதளக் கரு ஒன்று சொன்னபடிதான் வேலை செய்யும் என்று கணித முறையில் நிரூபித்துக் காட்டியது. ஏறத்தாழ லயன்ஸ் உரை எழுதிய அதே அளவு! எண்ணிக்கை பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். ஒரு மனிதனால் முழுதாகப் புரிந்துகொள்ள முடிகிற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதே பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) ஆசிரியர்கள் பழைய யூனிக்ஸையும் லயன்ஸின் உரையையும் வைத்தே பாடம் நடத்திப் பார்த்தார்கள். பழைய கணினி வழக்கொழிந்துவிட்டது என்பதால், 2006-இல் அதே அமைப்பை இன்றைய கணினிக்கு ஏற்ப எழுதி எக்ஸ்வி6 என்று பெயரிட்டார்கள். அதற்கும் லயன்ஸ் பாணியிலேயே வரி எண்ணும் விளக்க நூலும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் என்பிடெல்லில் நடத்தும் இயங்குதளப் பாடமும் எக்ஸ்வி6-ஐ வைத்துத்தான். காசில்லாமல் யாரும் கேட்கலாம். நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் அதைக் கேட்டால், 1976-இல் சிட்னி மாணவன் படித்த முறையில்தான் அவளும் படிக்கிறாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் பழைய மாணவன் ஒருவன், பெரிய பொறுப்பில் இருப்பவன், சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசினான். "சார், எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதி வெச்சுட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருக்கப் போறாங்க?" என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனாலும் அந்தப் பயம் உண்மையானது. வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆட்குறைப்புச் செய்தி வராத வாரம் இல்லை. ஒன்றும் ஆகாது என்று நான் எப்படிச் சொல்வேன்? அதனால் அன்று அவனுக்குப் பதில் சொல்லவில்லை. லயன்ஸைப் பற்றித் தேடிப் படித்த பிறகு சொல்லத் தோன்றுகிறது.

தம்பி, அந்த மனிதர் தமக்குத் தெரிந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். அதனால் அவருடைய தேவை குறையவில்லை. உலகின் சிறந்த ஆய்வகம் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. அவருடைய மாணவர்களை வேலைக்கு எடுத்தது. எழுதத் தெரிந்தவனுக்கு விஷயம் தெளிவாகத் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். பணம் பெரிதாக வந்திருக்காது. புத்தகம் 20 ஆண்டுகள் கடைக்கே வரவில்லை. ஆனால் அவர் இல்லாத வகுப்பறைகளில் அவர் நடத்திய முறையில் இன்றும் பாடம் நடக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் அல்ல. உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனோ பெண்ணோ ஒருவர் இருப்பார், உங்களிடம் கேட்கத் தயங்கிக்கொண்டு. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு வேலையை எடுத்து, அவருக்குப் புரியும்படி பத்துப் பக்கம் எழுதுங்கள். முதலில் எளிய இரண்டு பகுதி, பிறகு கடினமானது. எங்கே உங்களுக்கே சரியாகப் புரியவில்லையோ, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தமிழில் எழுத முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், எழுத்துப் பிழை திருத்தித் தருகிறேன். அந்த வேலையிலிருந்து எனக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

அனைவரும் நலமாக இருங்கள்.